வேலியின் ஐயாயிரம் கோடியில் ஒரு பங்கு: சோழர் நிலக்கணக்கும் சதுர மில்லிமீட்டரும்

1. கேள்வி

தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராஜராஜன் (985–1014) காலத்தில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், கோயிலுக்கு நெல் அளக்கக் கடமைப்பட்ட ஊர்களை வரிசைப்படுத்துகின்றன. ஒவ்வோர் ஊருக்கும் முதலில் அளந்தபடி கண்ட மொத்த நிலம் சொல்லப்படுகிறது. அதிலிருந்து ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாணசேரி, பறைச்சேரி முதலிய இறையிலி நிலங்கள் கழிக்கப்படுகின்றன. எஞ்சும் இறைகட்டின நிலமும் அதற்குரிய காணிக்கடன் நெல்லும் இறுதியில் வருகின்றன. நிலம் முழுவதும் வேலி என்ற அலகிலும் அதன் பின்னங்களிலும் எழுதப்பட்டுள்ளது. அப்பின்னங்களுள் மிகச் சிறியது ஒரு வேலியின் 52,42,88,00,000-இல் ஒரு பங்கு என்பது, ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதி வெளிவந்த காலத்திலிருந்து வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படும் செய்தி.

இச்செய்தி பெரும்பாலும் வியப்போடு நிறுத்திக்கொள்ளப்படுகிறது. சேனாபதி குரவன் உலகளந்தான் ஆன இராஜராஜ மகாராஜனின் மேற்பார்வையில் 1001-ஆம் ஆண்டை ஒட்டி நடந்த நில அளவை எவ்வளவு துல்லியமானது என்பதற்கு இந்தப் பின்னமே சான்றாகக் காட்டப்படுகிறது. சோழ அரசின் அளவை முயற்சி மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு பின்னத்தின் நுண்மையும் அளவையின் நுண்மையும் ஒன்றுதானா என்பது தனிக் கேள்வி. அப்பின்னத்தை மெட்ரிக் அலகுக்கு மாற்றிப் பார்த்து, அது வயலைப் பற்றிய செய்தியா, கணக்கரின் ஓலையைப் பற்றிய செய்தியா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கீழ் வாய்பாடு

தமிழ்ப் பின்ன முறையின் அடிப்படை அலகு முந்திரி, அதாவது 320-இல் ஒரு பங்கு. இரண்டு முந்திரி அரைக்காணி (1/160). நான்கு முந்திரி காணி (1/80). பதினாறு முந்திரி ஒரு மா (1/20). இருபது முந்திரி மாகாணி (1/16). எண்பது முந்திரி கால். நிலத்தில் இருபது மா ஒரு வேலி என்பதால், ‘மா’ என்னும் நில அலகும் இருபதில் ஒன்று என்னும் பின்னமும் ஒன்றாகவே இயங்குகின்றன. பிற்காலத்தில் செங்கல்பட்டுப் பகுதியில் வழங்கிய, 57,600 சதுர அடி கொண்ட காணி வேறு அலகு. வேலியின் 1/80 ஆகிய காணியைப் போல அது பதினாறு மடங்கு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு செய்யப்படும் அலகு மாற்றங்கள் தொடக்கத்திலேயே தவறிவிடும்.

முந்திரியினும் சிறிய அளவைக் குறிக்கப் புதிய பெயர்களைத் தேடாமல், ‘கீழ்’ என்ற ஒரே சொல்லைக் கொண்டு முழு வாய்பாட்டையும் ஒரு படி இறக்கிவிடுவது கல்வெட்டுக் கணக்கரின் வழக்கம். ஒரு முந்திரியை மீண்டும் முழு எண்ணாகப் பாவித்து, அதன் அரை, கால், மா, காணி, முந்திரி என்று எண்ணினால் அவை கீழ் அரை, கீழ்க் கால், கீழ் முந்திரி என்றாகும். ஆகவே கீழ் முந்திரி 320 × 320 = 1,02,400-இல் ஒரு பங்கு. இதையும் போதாதென்று கருதினால் இரண்டாம் கீழ், மூன்றாம் கீழ் என்று இறங்கிக்கொண்டே போகலாம். வாய்பாட்டில் அதற்குத் தடை எதுவும் இல்லை. மேற்சொன்ன பின்னத்தின் பகுதி எண் 320-ஐ நான்கு முறை பெருக்கி ஐந்தால் பெருக்கினால் கிடைப்பது. அதாவது நான்காம் கீழின் நாலு மா, ஐந்தில் ஒரு பங்கு.

இங்கே ஒரு பண்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். 320 என்பது 2, 5 ஆகிய இரு பகா எண்களால் மட்டுமே ஆனது. எனவே கீழ் வாய்பாட்டின் எந்தப் படியிலும் 3, 7, 11 ஆகியவை தலைகாட்டுவதில்லை. பிற்கால எண் வாய்பாடுகளில் வரும் இம்மி (1/10,75,200), அதன் 22-இல் ஒரு பங்காகிய மும்மி போன்றவற்றில் இந்த எண்கள் புகுந்துவிடுகின்றன. கல்வெட்டுப் பின்னத்தின் தோற்றத்தைத் தேடும்போது இந்த வேறுபாடு பயன்படும்.

3. மெட்ரிக் மாற்றம்

தஞ்சைப் பகுதியில் அண்மைக் காலம் வரை வழங்கிய கணக்கின்படி 12 அடிக் கோலின் சதுரம் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. இதனால் வேலி 2,88,000 சதுர அடி, 6.61 ஏக்கர், 26,756 சதுர மீட்டர் ஆகிறது. சோழர் கால உலகளந்த கோல் 16 சாண் கோல் என்பதும், ஒரு சாணை 9 அங்குலமாகக் கொண்டால் 16 சாண் சரியாக 12 அடியாகும் என்பதும் இம்மாற்றத்துக்குத் துணைநிற்கின்றன.

இந்த அடிப்படையில் மா 1,338 சதுர மீட்டர், காணி 334 சதுர மீட்டர், முந்திரி 83.6 சதுர மீட்டர், அதாவது முப்பது அடிப் பக்கம் கொண்ட சதுரம். முதல் கீழுக்கு இறங்கியதும் நிலம் விரைவில் சுருங்குகிறது. கீழ் முந்திரி 0.26 சதுர மீட்டர், ஒரு பலகையின் பரப்பு. இரண்டாம் கீழின் முந்திரி 8.17 சதுர சென்டிமீட்டர்; மூன்றாம் கீழின் முந்திரி 2.55 சதுர மில்லிமீட்டர். நான்காம் கீழின் நாலு மா, விவாதத்துக்குரிய அந்தப் பின்னம், 0.51 சதுர மில்லிமீட்டர். பக்கம் 0.71 மில்லிமீட்டர் கொண்ட சதுரம் அது.

இன்றைய தமிழ்நாட்டின் பட்டாக்களில் நிலம் ஹெக்டேர், ஏர் என்று எழுதப்பட்டு, ஏருக்கு இரண்டு தசம இடங்கள் தரப்படுகின்றன. ஒரு ஏர் 100 சதுர மீட்டர் என்பதால் பட்டாவில் எழுதக்கூடிய மிகச் சிறிய பரப்பு ஒரு சதுர மீட்டர். வேலியின் ஏணிப்படிகளில் அது முந்திரிக்கும் கீழ் முந்திரிக்கும் இடையே விழுகிறது. சோழர் பதிவின் கடைசிப் பின்னம் அதனினும் ஏறத்தாழ இருபது லட்சம் மடங்கு சிறியது. மின்னணுக் கருவிகளும் செயற்கைக்கோள் வழி இடங்காட்டும் கருவிகளும் கொண்ட துறை ஒன்று சதுர மீட்டரோடு நின்றுகொள்ளும்போது, கோலும் கயிறும் கொண்ட துறை அரைச் சதுர மில்லிமீட்டர் வரை அளந்தது என்று சொல்வதற்கு வலுவான சான்று தேவை. அப்படிச் சொல்லிவந்தவர்கள் பலர் இந்த ஒப்பீட்டைச் செய்து பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

4. கோலின் நிலையின்மை

மேலே தரப்பட்ட 0.51 என்ற எண்ணையே எவ்வளவு நம்பலாம் என்பது அடுத்த கேள்வி. சோழர் காலத்தில் ஒரே கோல் வழங்கவில்லை. 12 சாண், 16 சாண், 18 சாண் கோல்களும், முதலாம் குலோத்துங்கன் காலத்தில் அரசனின் பாத அளவை ஒட்டிய ஸ்ரீபாதக் கோலும் கல்வெட்டுகளில் வருகின்றன. அவனது ஆட்சியில் 1086-ஆம் ஆண்டை ஒட்டி மறு அளவையும் நடந்தது. மாவுக்குரிய குழிகளின் எண்ணிக்கையும் 100, 128, 256 என்று இடத்துக்கிடம் மாறியது. இவ்வேறுபாடுகளை வரிசைப்படுத்தி ஆராய்ந்தவர்களுள் எ. சுப்பராயலு முதன்மையானவர்; கோயில் சுவர்களிலும் அதிட்டானங்களிலும் செதுக்கப்பட்டுள்ள கோல் அளவுகள் இவ்வாய்வுக்கு நேரடிச் சான்றாக அமைகின்றன.

12 சாண் கோலும் 256 குழி கொண்ட மாவும் வழங்கிய இடத்தில், அதே 9 அங்குலச் சாணின்படி வேலி 38,529 சதுர மீட்டர் ஆகிவிடும். அதன் கடைசிப் பின்னம் 0.73 சதுர மில்லிமீட்டர். 16 சாண் கோலையே வைத்துக்கொண்டு சாணை மட்டும் 8 அங்குலமாகக் கொண்டால் வேலி 21,141 சதுர மீட்டராகவும் கடைசிப் பின்னம் 0.40 சதுர மில்லிமீட்டராகவும் குறைகின்றன. கோலின் நீளத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு ஐயம் இருந்தால் பரப்பில் அது நூற்றுக்குப் பத்தாகிவிடும். ஆகவே வேலிக்குத் தரப்படும் சதுர மீட்டர் எண்ணில் முதல் இலக்கத்துக்கு அப்பால் எதையும் உறுதியாகச் சொல்ல இயலாது, 0.5103 என்று நான்கு தசம இடங்கள் எழுதுவது கணிப்பொறியின் பெருந்தன்மையேயன்றி வரலாற்றுச் செய்தி ஆகாது. இணையத்திலும் சில பாடநூல்களிலும் குழியையும் மாவையும் ஆறு தசம இடங்கள் வரை மெட்ரிக்கில் தருவோர், எந்தக் கோலின்படி என்று ஒரு சொல் சேர்த்திருந்தால் அதுவே கூடுதல் பயன் தந்திருக்கும்.

5. வயலும் வரியும்

கோல் உறுதியாகத் தெரிந்திருந்தாலும் வயல் அந்த நுண்மைக்கு இடம் தராது. ஒரு வேலிப் பரப்பைச் சதுரமாகக் கொண்டால் அதன் பக்கம் 163.6 மீட்டர், அதாவது 45 கோல் நீளத்துக்குச் சற்றுக் குறைவு. இரு பக்கங்களிலும் ஒவ்வொரு சென்டிமீட்டர் பிசகினால் பரப்பில் 3.27 சதுர மீட்டர் மாறும். விவாதத்துக்குரிய பின்னத்தைப் போல அது ஏறத்தாழ 64 லட்சம் மடங்கு. வரப்பின் அகலமே ஒரு சாணுக்குக் குறையாத நன்செயில் எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது என்பதையே சென்டிமீட்டர் அளவில் வரையறுக்க முடியாது.

இதனினும் பெரிய பிசகு கணக்கு முறையிலேயே உள்ளது. காரி நாயனாரின் ‘கணக்கதிகாரம்’ உள்ளிட்ட தமிழ்க் கணித மரபில், நான்கு பக்க நிலத்துக்கு எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, அவ்விரு பாதிகளையும் பெருக்குவதே பரப்புக் காணும் வழி. செவ்வகத்துக்கு இது சரியான விடையைத் தரும். மூலை சற்றுச் சாய்ந்தாலும் பரப்பைக் கூட்டிக் காட்டும். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்து, மூலைக்கோணம் 90 பாகைக்குப் பதிலாக 80 பாகையாக இருந்தால், விடை உண்மைப் பரப்பைவிட நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு மிகும். ஒரு வேலியில் அது 400 சதுர மீட்டரைத் தாண்டும். காவிரிக் கழிமுகத்தில் ஆற்றையும் வாய்க்காலையும் ஒட்டி வளைந்து கிடக்கும் வயல்களில் எத்தனை மூலைகள் 90 பாகையில் அமைந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், நான்காம் கீழ் வரை எழுதப்பட்ட பரப்பில் முந்திரியே ஐயத்துக்குரியதாக இருப்பது புலப்படும்.

நிலத்தை அளக்க இத்தனை நுண்மை தேவைப்படவில்லை என்றால், வரி விதிக்கத் தேவைப்பட்டதா? இக்கல்வெட்டுகளின் பல ஊர்களில் வரி வேலிக்கு 100 கலத்தை ஒட்டி அமைகிறது. கலம் 12 குறுணி, குறுணி 8 நாழி என்பதால் 100 கலம் 9,600 நாழி. மரபு வாய்பாட்டில் 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, எட்டு ஆழாக்கு ஒரு நாழி. ஒரு நாழிக்கு 14,400 நெல். இந்தக் கணக்கின்படி ஒரு செவிடு நெல்லை வரியாகத் தரும் நிலம் ஏறத்தாழ 700 சதுர சென்டிமீட்டர், ஒரு சாணுக்குச் சற்று மிகுந்த பக்கம் கொண்ட சதுரம். ஒரே ஒரு நெல்மணியை வரியாகத் தரும் நிலம் 1.94 சதுர சென்டிமீட்டர். அரைச் சதுர மில்லிமீட்டருக்குரிய வரியோ ஒரு நெல்மணியில் 379-இல் ஒரு பங்கு. முகத்தலளவையில் கருவி எட்டக்கூடிய கடைசி எல்லை இரண்டாம் கீழிலேயே முடிந்துவிட, நிலக்கணக்கு மட்டும் இன்னும் இரண்டு கீழ்கள் இறங்கியிருக்கிறது. ஆகவே வரி வசூல் என்ற தேவையும் இந்தப் பின்னத்தை விளக்கவில்லை.

6. பின்னத்தின் பிறப்பு: இரு விளக்கங்கள்

எஞ்சுவது கணக்கரின் ஓலை. அங்கே இந்தப் பின்னம் பிறந்திருக்கக்கூடிய வழிகள் இரண்டு.

முதல் வழி வகுத்தல். கீழ் வாய்பாட்டில் 3 இல்லை என்பதால், ஒரு வேலியை மூன்றாக வகுத்தால் கணக்கு முடிவதில்லை. மூன்றில் ஒரு பங்கு 106 முந்திரியும் ஒரு முந்திரியின் மூன்றில் இரு பங்கும் ஆகும். அந்த 106 முந்திரியைக் காலே ஒருமா அரைமா அரைக்காணி என்று எழுதலாம். மீதியுள்ள மூன்றில் இரு பங்கை முதல் கீழில் எழுதினால் 213 கீழ் முந்திரி போக ஒரு கீழ் முந்திரியின் மூன்றில் ஒரு பங்கு எஞ்சும். அதை இரண்டாம் கீழில் எழுதினால் மறுபடியும் 106, மறுபடியும் மூன்றில் இரண்டு மீதி. அடுத்த கீழில் 213. இப்படியே முடிவின்றிச் சுழலும். கணக்கர் எந்தக் கீழில் எழுத்தாணியை வைக்கிறாரோ அந்தக் கீழே பதிவின் நுண்மை ஆகிவிடும். மூவர் பங்கிட்ட ஒரு நிலமோ, 16 சாண் கோலால் அளந்ததை 12 சாண் கோலின் குழியாக்க 9-ஆல் வகுக்க வேண்டிய ஒரு மாற்றமோ போதும். யாரும் வயலில் இறங்காமலேயே நான்கு கீழ்கள் நிறைந்துவிடும்.

இரண்டாம் வழி பெருக்கல். இதில் எண்கள் வியக்கத்தக்க வகையில் பொருந்துகின்றன. 16 சாண் கோலில் ஒரு சாண் கோலின் பதினாறில் ஒரு பங்கு; சாணின் முந்திரி கோலின் 16 × 320 = 5,120-இல் ஒரு பங்கு. நீளமும் அகலமும் கோல், சாண், சாணின் முந்திரி வரை எழுதப்பட்டிருந்தால், அவற்றைப் பெருக்கிக் கிடைக்கும் மிகச் சிறிய பரப்பு குழியின் 5,120 × 5,120 = 2,62,14,400-இல் ஒரு பங்கு. வேலிக்கு 2,000 குழி என்பதால், அது வேலியின் 52,42,88,00,000-இல் ஒரு பங்கு. கல்வெட்டின் கடைசிப் பின்னமும் இதுவே. 12 சாண், 18 சாண் கோல்களை வைத்துக்கொண்டால் 3 என்ற காரணி புகுந்து இந்தப் பொருத்தம் குலைந்துவிடுகிறது.

இப்பொருத்தத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ளும் முன் தயங்குவதற்குக் காரணம் உண்டு. இவ்வளவு பெரிய எண் 2, 5 ஆகிய இரு காரணிகளால் மட்டும் ஆனதாக இருக்கும்போது, அதை 16, 20, 100, 320 ஆகிய வழக்கமான எண்களைக் கொண்டு கட்டிக்காட்டுவது அவ்வளவு அரிதன்று; நான்காம் கீழின் நாலு மா என்பதே அதே எண்ணுக்கு மற்றொரு பாதை. தற்செயல் என்று தள்ளிவிடவும் முடியாது, நிறுவப்பட்டதாகக் கொள்ளவும் முடியாது என்பதே நேர்மையான நிலை. பெருக்கல் விளக்கம் சரியென்றே கொண்டாலும், 0.7 மில்லிமீட்டர் இடைவெளியில் கோல் கோடிடப்பட்டிருந்தது என்று அது பொருள்படாது. எதிர்ப்பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்குவதும், அளந்தவற்றைச் சராசரி காண்பதும், வளைந்த நிலத்தைப் பல துண்டுகளாக்கிக் கூட்டுவதும் ஒவ்வொரு படியிலும் ஒரு பாதியையோ காலையோ சேர்த்துக்கொண்டே போகும். சாணும் அரைச்சாணும் மட்டும் அளக்கப்பட்ட நிலத்திலிருந்தும் சாணின் நுண்பின்னங்கள் இவ்வாறு உருவாகலாம்.

இங்கே எழக்கூடிய ஒரு மறுப்பையும் எடைபோட வேண்டும். பொருளற்ற பின்னமென்றால் கணக்கர் அதை ஏன் விட்டுவிடவில்லை, கல்வெட்டுத் தச்சரின் உளி ஏன் அத்தனை எழுத்துகளைச் செதுக்கியது என்று கேட்கலாம். கல்வெட்டின் அமைப்பிலேயே இதற்கு விடை உள்ளது. மொத்த நிலம், கழித்த நிலம், எஞ்சிய நிலம் மூன்றும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஓரிடத்தில் பின்னத்தை வெட்டிவிட்டால் மற்ற ஈரிடங்களில் அது இடிக்கும். ஊர்க் கணக்கு, நாட்டுக் கணக்கு, அரசு வரிப்பொத்தகம் ஆகியவற்றில் ஒரே எண் எழுத்துக்கு எழுத்து நிற்க வேண்டிய நிருவாகத்தில், பின்னத்தின் வால் பிழை கண்டுபிடிக்கும் கருவியாகவும் பயன்படுகிறது: கடைசிக் கீழ் வரை ஒத்துவந்தால் நகலில் தவறில்லை. எண் சுவடி, குழிமாற்று முதலிய வாய்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லிப் பழகிய கணக்கருக்கு நான்காம் கீழை எழுதுவது உழைப்பே அன்று. வாய்பாட்டை வெட்டுவதே அவருக்குப் பயிற்சிக்கு மாறான செயல். திண்ணைப் பள்ளிகளின் எண் கல்வியைப் பற்றி த. செந்தில் பாபு எழுதியிருப்பவை பிற்காலத்தைச் சேர்ந்தவையாயினும், நினைவாற்றலின் மேல் கட்டப்பட்ட இத்தகைய கணிதப் பழக்கத்தைப் புரிந்துகொள்ள உதவுகின்றன.

7. சோதிக்கும் வழி

இரு விளக்கங்களுள் எது தஞ்சைக் கல்வெட்டுகளுக்குப் பொருந்தும் என்பதைக் கல்வெட்டுகளைக் கொண்டே சோதிக்கலாம். அதற்கு மெட்ரிக் மாற்றம் உதவாது, எதிர்த்திசையில் செல்ல வேண்டும். ஒவ்வோர் ஊரின் பரப்பையும் சதுர மீட்டராக்காமல், கீழ்க்கீழாக 320-இன் அடுக்குகளில் எத்தனை முந்திரி என்று முழு எண்களாகப் பிரித்து எழுத வேண்டும். அடுத்தடுத்த கீழ்களில் 106, 213 என்ற எண்கள் மாறிமாறி வந்தால் அங்கே மூன்றால் வகுத்த கணக்கு ஒளிந்திருக்கிறது. 35, 177, 248, 284, 142, 71 என்ற சுழலின் ஏதேனும் ஒரு பகுதி தென்பட்டால் ஒன்பதால் வகுத்ததாகும். அது கோல் மாற்றத்தின் தடயமாக இருக்கக்கூடும்.

பெருக்கல் விளக்கத்துக்கு இதனினும் கடுமையான சோதனை உண்டு. 16 சாண் கோலும் சாணின் முந்திரியுமே அடிப்படை என்றால், எல்லா ஊர்ப் பரப்புகளும் அந்த ஒரே சிறு பின்னத்தின் முழு மடங்குகளாகவே இருக்க வேண்டும். அதாவது நான்காம் கீழில் நாலு மா, அதன் இரட்டை, மும்மடங்கு, நான்மடங்கு தவிர வேறு எதுவும் வரக்கூடாது. அரை, கால், காணி, முந்திரி என்று வேறொரு பின்னம் நான்காம் கீழில் ஓர் ஊருக்கேனும் வந்துவிட்டால் அவ்விளக்கம் அப்போதே விழுந்துவிடும். பாடவேறுபாடுகளும் சிதைந்த எழுத்துகளும் இச்சோதனைக்குத் தடையாகும். ஆயினும் மொத்தம், கழிவு, மிச்சம் என்று மூன்று எண்கள் தரப்பட்டிருப்பதால், சிதைந்த ஒன்றை மற்ற இரண்டிலிருந்து மீட்டுக்கொள்ளும் வாய்ப்புப் பல ஊர்களில் இருக்கிறது.